டீப் கிளீனிங், வெள்ளச் சீரமைப்பு பிரான்சைஸ் எடுத்து நடத்துவது எப்படி? சென்னையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீட்டுக்குப் போனோம். முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு சுவரில் அப்படியே இருந்தது. வீட்டுக்கார அம்மா அதற்குள் இரண்டு முறை ஃபினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார். தரை பளபளவென்று இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் ஈரம் அளக்கும் மீட்டரைப் படுக்கையறைக் கதவு நிலையின் அடியில் வைத்தார். 28 சதவீதம் ஈரம் காட்டியது. மாடியில் அதே தேக்கில் செய்த நிலையில் வைத்தால் 13. "வீடு சுத்தமா இருக்கும்மா, ஆனா காயலை" என்றார்.

இந்தத் தொழிலில் இறங்க நினைத்து என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் மெஷின் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள், அப்புறம் எந்த பிராண்ட் பிரான்சைஸ் (ஒரு கம்பெனியின் பெயரையும் முறையையும் கட்டணம் கொடுத்து வாங்கி நாமே தொழில் நடத்துவது) நல்லது என்று கேட்கிறார்கள். இரண்டும் தேவையான கேள்விகள். ஆனால் அந்த 28-ஐயும் 13-ஐயும் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று தெரிந்த ஆளை உருவாக்குவதற்குத்தான் என் காலமும் பணமும் அதிகம் போயிருக்கிறது. அதை மனதில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

1. பணம் கட்டும் முன் கையில் துணி எடுங்கள்

யாரிடமும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஏற்கெனவே தொழில் நடத்துகிற ஒருவரிடம் இரண்டு மூன்று மாதம் வேலை பாருங்கள். மேற்பார்வை வேண்டாம், வேலைதான். சிம்னி வடிகட்டியில் பிசினாக ஒட்டிய எண்ணெய் எவ்வளவு நேரத்தில் கரையும், போர் தண்ணீரின் உப்புக்கறை எந்த டைலில் விடும், எதில் விடாது, ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை பாத்ரூம் செய்ய முடியும் என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். இது தெரியாமல் கோட்டேஷன் போட்டால், ஆறு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேர விலை சொல்லிவிடுவீர்கள். அந்த நஷ்டம் கடைசியில் பணியாளர்களின் முதுகில்தான் விழும்.

இந்தப் பிரான்சைஸ் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. 1929-ல் மேரியன் வேட் என்பவர் துணிகளைப் பூச்சி அரிக்காமல் காக்கும் சிறிய தொழிலாகத் தொடங்கியதுதான் பின்னாளில் சர்வீஸ்மாஸ்டர் ஆனது. சர்வ்ப்ரோ 1967-ல் கலிபோர்னியாவில் பெயின்டிங் தொழிலாகத் தொடங்கியது. அங்கே தீ, வெள்ளச் சேதத்தைச் சரிசெய்யும் வேலை பெரும்பாலும் காப்பீட்டுப் பணத்தில் நடக்கிறது. நம் ஊரில் வெள்ளம் புகுந்த வீட்டுக்காரர் பெரும்பாலும் தன் சொந்தப் பணத்தைத்தான் எடுத்து வைக்கிறார். ஆகவே வெள்ளச் சீரமைப்பில் இவ்வளவு வருமானம் வரும் என்று விற்பனைப் பிரதிநிதி அட்டவணை நீட்டினால், அது எந்த ஊர்க் கணக்கு என்று கேளுங்கள். சென்னையில் வெள்ளச் சீரமைப்பு சில வாரங்களில் மொத்தமாக வந்து போகிற வேலை. மாதாமாதம் வாடகை கட்ட உதவுவது டீப் கிளீனிங்கும் அபார்ட்மெண்ட் ஒப்பந்தங்களும்தான்.

2. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்னால் ஒரு விவர ஆவணம் கொடுத்தாக வேண்டும். கட்டணங்கள், நடக்கும் வழக்குகள், இப்போது பிரான்சைஸ் நடத்துபவர்கள், சமீபத்தில் விலகியவர்கள் எல்லாம் அதில் இருக்கும். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச்சட்டம் இல்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் நீங்கள் கையெழுத்திடும் காகிதமும்தான் உங்களுக்குக் காவல். அதனால் அந்த ஆவணத்தில் இருப்பதை நாமே கேட்டு வாங்க வேண்டும். முக்கியமாக, கடந்த இரண்டு ஆண்டுகளில் விலகியவர்களின் பட்டியலைக் கேளுங்கள். கொடுத்தால் மூன்று பேரிடமாவது நேரில் பேசுங்கள். கொடுக்க மறுத்தால் அங்கேயே எழுந்துவிடுவது நல்லது.

பிராண்டின் பெயர் பதிவான வணிகக்குறியா என்று வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் நீங்களே தேடலாம். துப்புரவு, பழுதுபார்ப்பு சேவைகள் 37-ம் வகுப்பில் வரும். பதிவே ஆகாத பெயருக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

உங்கள் எல்லை பின்கோடு வாரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "தென்சென்னை" என்று மட்டும் இருந்தால் நாளைக்குச் சண்டை வரும். ஓஎம்ஆரில் உள்ள ஐடி கம்பெனி வேலையைத் தலைமை அலுவலகம் நேரடியாக எடுத்துக்கொள்ளலாமா, இணையத்தில் வரும் விசாரணைகள் யாருக்குப் போகும், கெமிக்கலை அவர்களிடம்தான் வாங்க வேண்டுமா, வெளி விலைக்கும் அவர்கள் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும்.

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அதே தொழிலை வேறு பெயரில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லும். 1995-ல் குஜராத் பாட்லிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. விலகிய பிறகும் செய்யவே கூடாது என்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின் முன் பொதுவாக நிற்காது. இதை ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கவைக்க ஆகும் செலவு, உங்கள் முதலீட்டில் மிகச் சிறிய தொகை.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. என் முதல் ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர்கள் கூப்பிடும் தொலைபேசி எண்ணும், கூகுள் மேப்பில் உள்ள பக்கமும் கம்பெனியின் பெயரில் இருந்தன. மூன்று வருடம் கழித்து விலகியபோது, நான் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் அந்த எண்ணோடு போய்விட்டார்கள். கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டும் யார் பெயரில் இருக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

3. ராயல்டியை ஒரு வேலையில் வைத்துப் பாருங்கள்

ராயல்டி என்பது அந்தப் பெயரில் தொழில் செய்யத் தலைமை அலுவலகத்துக்குத் தொடர்ந்து கொடுக்கும் பங்கு. அது பெரும்பாலும் மொத்த விற்பனையின் மேல்தான் கணக்கிடப்படும், லாபத்தின் மேல் அல்ல. ஒரு உதாரணம் போடுவோம். இரண்டு படுக்கையறை வீட்டு டீப் கிளீனிங்குக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 6,000 ரூபாய் வாங்குகிறீர்கள். மூன்று பேர் கூலி, பிஎஃப், இஎஸ்ஐ சேர்த்து 2,850. கெமிக்கல், துணி 450. வண்டி 500. மெஷின் தேய்மானம் 300. ராயல்டி 8 சதவீதம், விளம்பர நிதி 2 சதவீதம் என்று வைத்தால் 600. மிச்சம் 1,300.

கேட்கும்போது பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ராயல்டி இல்லாவிட்டால் 1,900 மிஞ்சியிருக்கும். அதில் 600 போகிறது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிஞ்சிய 1,300-லிருந்துதான் அலுவலக வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், வேலை இல்லாத நாட்கள், உடைந்த கண்ணாடிக்கு நஷ்டஈடு எல்லாம் போக வேண்டும். அந்த 600-க்குப் பதிலாகத் தலைமை அலுவலகம் மாதம் எத்தனை வேலை அனுப்புகிறது, எத்தனை நாள் பயிற்சி தருகிறது? இதற்குப் பதில் சரியாக இருந்தால் எடுக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே இருபது அபார்ட்மெண்ட் அசோசியேஷன் தொடர்பு இருந்தால், சொந்தப் பெயரிலேயே தொடங்குவது மேல் என்பது என் கருத்து.

4. பதிவுகள்

இதில் பெரிய சிரமம் இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். துப்புரவு சேவைக்கு 18 சதவீதம். நிறுவன வாடிக்கையாளர்கள் வேண்டுமென்றால் முதல் நாளே எடுத்துவிடுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்ததும் இஎஸ்ஐ வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு நிறுவனப் பங்கு 3.25 சதவீதம். இருபது பேரில் பிஎஃப். அதற்கு முன்பே பணியாளர் விபத்துக் காப்பீடும், வாடிக்கையாளர் பொருள் சேதமானால் ஈடு தரும் பொறுப்புக் காப்பீடும் எடுத்து வையுங்கள்.

5. ஆட்கள்

இந்தத் தொழில் இங்கேதான் நிற்கும் அல்லது விழும். ஒரு முன்பின் தெரியாத வீட்டுக்குள், பீரோவும் பூஜை அறையும் இருக்கிற இடத்துக்குள், உங்கள் பெயரில் நான்கு பேர் போகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முன் அனுபவம் எனக்குப் பெரிதில்லை. பழைய பழக்கத்தை மறக்கவைப்பது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். காவல்துறை சரிபார்ப்பு, ஆதார் நகல், வீட்டுக்கே போய் ஒரு முறை பார்த்துவிட்டு வருவது, இவை மூன்றும் கண்டிப்பாக உண்டு.

முதல் இரண்டு வாரம் முழுச் சம்பளத்தோடு பயிற்சி. நிறத் துணிப் பழக்கத்தில் தொடங்குவேன். டாய்லெட்டுக்குச் சிவப்பு, வாஷ்பேசினுக்கு மஞ்சள், சமையலறைக்குப் பச்சை, மற்ற இடங்களுக்கு நீலம். சிவப்புத் துணி சமையலறைக்குள் ஒரு முறை போனாலும் அன்றைக்கு வேலையை நிறுத்திப் பேசுவோம். அப்புறம் வேலை வரிசை: மேலிருந்து கீழ், உலர்ந்த தூசிக்குப் பிறகே ஈரம், உள்ளறையிலிருந்து வாசலை நோக்கி. கெமிக்கல் போட்டதும் தேய்க்கக் கூடாது, பாட்டிலில் சொன்ன நிமிடம் வரை ஊறவிட வேண்டும். அந்தப் பொறுமைதான் புதியவர்களுக்கு வருவதில்லை.

திருட்டுப் பழி எப்போது வேண்டுமானாலும் வரலாம். வேலை தொடங்கும் முன் எல்லா அறையையும் வீட்டுக்காரர் முன்னிலையில் வீடியோ எடுங்கள். நகை, பணத்தைப் பூட்டச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். எந்த அறையிலும் ஒரு ஆளைத் தனியாக விடாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் பழி சொன்னால், ஆதாரம் வரும்வரை உங்கள் பணியாளர் பக்கம் நில்லுங்கள்.

ஒரு விஷயத்தைக் கோட்டேஷனிலேயே அச்சிட்டுவிட்டேன். அண்ணாநகரில் ஒரு வீட்டில் எட்டு மணி நேரம் வேலை செய்த எங்கள் அக்கா ஒருவர், நான்கு பாத்ரூமைத் தேய்த்துக் கழுவினார். அதில் ஒன்றைப் பயன்படுத்த அந்த வீட்டில் விடவில்லை. சாயங்காலம் வண்டியில் ஏறியதும், "அண்ணா, பக்கத்துல எங்கயாவது பெட்ரோல் பங்க் இருந்தா நிறுத்துங்க" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அப்போதிலிருந்து எங்கள் கோட்டேஷனில் ஒரு வரி உண்டு: பணியாளர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் தர வேண்டும். மறுக்கிற வீட்டு வேலையை எடுப்பதில்லை. அதனால் போன வேலைகள் சில உண்டு. வருத்தமில்லை.

செப்டிக் டேங்க், சாக்கடைக்குள் ஆளை இறக்குவது என்ற பேச்சே கூடாது. 2013-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தத் தொகையும் ஒரு உயிருக்கு ஈடாகாது. "அஞ்சு நிமிஷ வேலைதான், கூட ஆயிரம் தரேன்" என்று உங்கள் பையனிடம் நேராகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பணியாளருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். குடிநீர் சம்ப் கழுவும்போதும் மோட்டார் மெயினை அணைத்து, மூடியை வெகுநேரம் திறந்துவைத்து, மேலே ஒருவரை நிறுத்திய பிறகே இறங்க வேண்டும்.

6. மெஷினும் ஆசிட்டும்

தொடக்கத்தில் தரை தேய்க்க ஒரு சிங்கிள் டிஸ்க் மெஷின், ஈரமும் உலர்ந்ததும் இழுக்கும் வேக்கம் இரண்டு, சோபா கழுவ ஒரு எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின், ஒரு பிரஷர் வாஷர், இரண்டு ஏணி. இது போதும். நம் ஊரில் சர்வீஸ் சென்டர் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளச் சீரமைப்புக்கு ஈரமானி கட்டாயம். காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையரும் பெரிய காற்றாடிகளும் முதல் வருடம் வாடகைக்கு எடுக்கலாம்.

ஆசிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாத்ரூம் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கறையோடு டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்டையும் தின்றுவிடும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரியும்போது, யார் காரணம் என்று யாருக்கும் நினைவிருக்காது. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு பட்டாலே மெருகு போகும். என் இரண்டாம் மாதத்திலேயே ஒரு பையன் மார்பிள் தரையில் ஆசிட் சிந்தி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளைத் தழும்பு விழுந்தது. அதைப் பாலிஷ் செய்து கொடுக்க அந்த மாத லாபம் முழுவதும் போனது. பையன் மீது தவறில்லை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மார்பிள் அல்லாத டைல்களில் சல்ஃபாமிக், சிட்ரிக் ஆசிட் வகைக் கெமிக்கல்களைப் பயன்படுத்துங்கள். போடும் முன் இடுக்குகளை வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டால் அவை ஆசிட்டை அதிகம் உறிஞ்சாது. எந்தத் தரையிலும் முதலில் மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் சோதித்துப் பாருங்கள். ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு சாத்திய பாத்ரூமில் அது உயிரையே எடுக்கும். எங்களிடம் இந்த இரண்டும் ஒரே பையில் போகாது.

7. வெள்ளம் புகுந்த வீடு

முதலில் மின்சாரம். மெயின் அணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். முழங்கால் வரை பூட்ஸ், கையுறை, முகக்கவசம், டெட்டனஸ் ஊசி. வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண் உள்ளவரை அன்று அனுப்பாதீர்கள். அடித்தளத்தில் தண்ணீர் இறைக்க பெட்ரோல் பம்பை உள்ளேயே வைத்து ஓட்டக் கூடாது, கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

துப்புரவு, சீரமைப்புத் தொழிலுக்குத் தரநிலை வகுக்கும் ஐஐசிஆர்சி என்ற அமைப்பின் எஸ்500 தரநிலை, உள்ளே வந்த தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறது. குடிநீர்க் குழாய் உடைந்து வந்தது முதல் வகை. வாஷிங் மெஷினிலிருந்து வழிந்தது போன்றது இரண்டாவது. சாக்கடையும் வெள்ளமும் மூன்றாவது. சென்னை மழை வெள்ளம் எப்போதும் மூன்றாவது வகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நனைந்த மெத்தை, தலையணை, உப்பிய பார்ட்டிகிள் போர்டு எல்லாம் வெளியே போக வேண்டும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டைக் காப்பாற்றிப் பார்க்கலாம்.

எதையும் தூக்கிப் போடும் முன் போட்டோ. வீட்டுக்காரரிடம் பாரத் கிருஹ ரக்ஷா போன்ற வீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை சேதமான பொருளை வாசலிலாவது வைத்திருக்கச் சொல்லுங்கள். நாம் எடுக்கும் போட்டோவும் தேதியிட்ட ஈர அளவுகளும் அவருக்குப் பணம் கிடைக்க உதவும்.

சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ளுங்கள், காய்ந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அள்ளி, சோப்புத் தண்ணீரில் கழுவி, அதற்குப் பிறகே கிருமிநாசினி. சேற்றின் மேல் பிளீச்சிங் கொட்டினால் சேறே அதன் வீரியத்தைத் தின்றுவிடும்.

இனிமேல்தான் காயவைக்கும் வேலை. பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரமே போதும். வெயில் அடிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து காற்றாடி போடலாம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். அப்போது அறையை மூடி, டிஹியூமிடிஃபையரையும் காற்றாடியையும் சேர்த்து ஓட்ட வேண்டும். சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்பலகையைக் கழற்றுங்கள், ஓதம் அங்கேதான் தங்கும். தினமும் அதே இடங்களில் மீட்டர் வைத்து எழுதுங்கள். அதே வீட்டின் நனையாத பகுதியில் என்ன அளவோ, அதற்கு அருகில் வரும்வரை மெஷினை எடுக்கக் கூடாது. அதற்கு முன் பெயின்ட் அடிக்க யார் அவசரப்படுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

வேளச்சேரி அம்மா அன்று ஒரு பையைக் கொண்டுவந்து, "தம்பி, இது ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார். அவர் கல்யாண ஆல்பம். நனைந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்து இழுத்தால் முகம் கையோடு வந்துவிடும். தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அதில் மூழ்கவிட்டு, தானாக நழுவும்போது ஒவ்வொன்றாக எடுத்து, படம் மேலே தெரிய வெள்ளைத் துணியில் பரப்பினோம். அன்று முடியாதவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தோம். அப்படி வைத்தால் கெடாமல் சில வாரம் தாங்கும். முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் தேறின. இதற்குப் பில் போடவில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

8. பணம் கைக்கு வரும் காலம்

வீட்டு வேலையில் பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும். நிறுவனங்களில்தான் இழுக்கும். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் வட்டியோடு கேட்டு மத்திய அரசின் குறு, சிறு தொழில் துறையின் இணையதளத்தில் மனு போடலாம். நான் பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் இந்த 45 நாளையும் அச்சிடுகிறேன். பாதிப் பேர் அதற்கே கொடுத்துவிடுகிறார்கள். எப்படியும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தனியாக வைத்திருங்கள். வாடிக்கையாளர் தாமதித்தார் என்று பணியாளருக்குச் சம்பளம் தாமதமாகக் கூடாது.

நம் ஊரில் இந்தத் தொழிலுக்குத் தனி நாட்காட்டி உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகிறவர்கள் குறைவு, அதனால் புதுவீட்டு வேலை படுத்துவிடும். மார்கழிக் கடைசியில் போகிக்காகப் பழைய வீட்டு வேலைகள் குவியும், தை பிறந்ததும் கிரகப்பிரவேசங்கள். ஆயுத பூஜைக்கு முன் அலுவலகங்கள், தீபாவளிக்கு முன் சோபாவும் திரைச்சீலையும். ஆடி மாதத்தை மெஷின் பழுதுபார்க்கவும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

9. இரண்டாவது குழு

முதல் குழுவின் சூப்பர்வைசர் நீங்கள் இல்லாமல் ஒரு மாதம் நடத்திக் காட்டட்டும், அதுவரை இரண்டாவது குழு வேண்டாம். புகார் வந்தால் 24 மணி நேரத்தில் அதே குழு திரும்பப் போய்ச் சரிசெய்ய வேண்டும், வேறு குழுவை அனுப்பினால் முதல் குழு கற்றுக்கொள்ளாது. வெள்ளச் சீரமைப்பு செய்த வீடுகளுக்கு முப்பது நாள் கழித்து ஒரு முறை மீட்டரோடு இலவசமாகப் போய் வாருங்கள். போன வருகையில் வைத்த அதே இடங்களில் மீட்டரை வைத்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வந்து கோப்பில் போடுங்கள். வேளச்சேரி வீட்டுக் கோப்பில் கடைசியாக எழுதியிருக்கும் எண் 14.